பிரதிப் பஞ்சமும் பெருங்கூடமும்: மதுரைத் தங்கம் திரையரங்கை முன்வைத்து

1952 அக்டோபர் 17, தீபாவளி. மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் திரையரங்கு ‘பராசக்தி’யோடு கதவு திறந்தது. கட்டட வேலை முழுதாக முடியும் முன்பே படம் ஓடத் தொடங்கிவிட்டது என்பார்கள். இருக்கைகள் 2,563 என்பது பரவலாக வழங்கும் கணக்கு. ‘ஆசியாவிலேயே பெரியது’ என்ற பட்டத்தை மதுரைக்காரர்களின் பெருமிதத்துக்கே விட்டுவிடலாம். ஆய்வுக்கு உரிய கேள்வி வேறு. இவ்வளவு பெரிய கூடம் மதுரைக்கு எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு மூன்று காட்சி, மூன்றும் நிரம்பினால் 7,689 பேர். 1951 கணக்கெடுப்பில் மதுரையின் மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். கைக்குழந்தையையும் சேர்த்து ஊரே ஒரு முறை பார்த்தாலும் 48 நாளுக்குள் தீர்ந்துவிடும். ‘பராசக்தி’யோ இங்கே நூறு நாளைத் தாண்டியது. திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களால் மட்டும் அந்தக் கணக்கு நிரம்பாது. கப்பலூர், திருமங்கலம், திருப்பரங்குன்றம் என்று சுற்றியுள்ள சமவெளி ஊர்களும் சேர்ந்துதான் அந்தக் கூடத்தை நிறைத்திருக்க வேண்டும்.

ஊர்கள் இப்படித் திரண்டதற்குக் காரணம் படப்பெட்டி, அதாவது பிலிம் பிரதி. ஒரு பிரதி எடுக்க ஆயிரக்கணக்கான அடி பிலிம் வேண்டும், செலவும் அதிகம். ஆகவே எண்ணி எடுத்த பிரதிகள் முதலில் பெருநகரத்தில் ஓடின. பிறகு சிற்றூர் அரங்குகளுக்குப் போயின. கீறலும் ஒட்டுமாகக் கடைசியில் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. கூடாரம், மணல் தரை, ஒற்றைப் புரொஜக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை: இதுதான் கொட்டகை. புதுப்படத்தைச் சுடச்சுடப் பார்க்க வேண்டுமானால் கப்பலூர்க்காரர் மதுரைக்குத்தான் போயாக வேண்டும். படம் ஊருக்கு வராத காலத்தில் ஊர் படத்துக்கு வந்தது. தங்கத்தின் அளவு அந்தப் பிரதிப் பஞ்சத்தின் அளவு.

மதுரையின் பழைய அரங்குகளோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள விக்டோரியா எட்வர்டு மன்றம் சினிமாவுக்கென்று கட்டப்பட்டதல்ல. பகலில் நூலகம், மாலையில் ‘ரீகல்’ என்ற பெயரில் ஆங்கிலப் படம். வாசகர் எழுந்த பிறகே ரசிகர் உட்கார முடிந்தது. (இத்தனை நாகரிகமான குடித்தனம் வேறெந்த அரங்குக்கும் வாய்த்ததில்லை.) சிந்தாமணி அடுத்த கட்டம். 1937இல் வந்த ‘சிந்தாமணி’ கொடுத்த லாபத்தில் எழும்பி, அந்தப் படத்தின் பெயரையே தாங்கி நின்ற கட்டடம் அது. ஒரு படமே ஓர் அரங்கைக் கட்டித்தரும் என்று கண்ட முதலீட்டின் உச்சம்தான் தங்கம்.

பெரிய அரங்குகளைத் தொலைக்காட்சி விழுங்கியது என்பது வழக்கமான விளக்கம். அது அரை உண்மை. தொலைக்காட்சியும் வீடியோவும் எல்லா அரங்குகளையும் அடித்தன. ஆனால் அதன் பிறகும் சிறிய அரங்குகள் பல தப்பின, புதிதாக மல்டிபிளெக்ஸ்களும் வந்தன. தங்கம் போன்றவற்றை அசைத்தது பிரதிகள் பெருகியதே. ஒரே நாளில் மாவட்டமெங்கும் படம் வெளியாகும்போது திருமங்கலத்துக்காரர் மதுரைக்கு ஏன் பஸ் ஏற வேண்டும்? டிஜிட்டல் வந்ததும் பெட்டியே மறைந்தது. நூறு நாளில் பார்க்க வேண்டிய கூட்டம் பல அரங்குகளில் பிரிந்து, முதல் வாரத்திலேயே பார்த்து முடித்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு நாற்காலிகளில் முன்னூறு பேர் உட்கார்ந்தால் மின்கட்டணமும் கூலியும் குறைவதில்லை. கூடத்தைத் துண்டுபோட்டு நாலைந்து திரை ஆக்குவது மல்டிபிளெக்ஸின் வழி. ஒரே திரையை நோக்கிச் சரியும் தரையும் அகன்ற பால்கனியும் கொண்ட கட்டடம் அதற்கு எளிதில் இணங்காது.

தங்கம் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் பெரிய துணிக்கடை வந்தது. சிந்தாமணி இருந்த இடத்துக்கும் துணிக்கடைதான் வந்தது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. பஸ் நிலையத்திலிருந்து நடை தூரம், அகன்ற மனை, சுற்றுப்பட்டு ஊர்களைத் திரட்டும் தீபாவளி: 1952இல் அந்தக் கூடத்தை நிரப்பிய அதே மூன்றும் இன்று துணிக்கடையை நிரப்புகின்றன.