காலாட்படைப் போர்ச் சின்னம்

காலாட்படைப் போர்ச் சின்னம் என்பது எதிரியுடன் நேரடித் தரைப்போரில் ஈடுபட்ட காலாட்படையினருக்கு ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை வழங்கும் சின்னம் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில் இது உருவாக்கப்பட்டது. நீலச் செவ்வகத்தின் மீது பழங்காலத் துப்பாக்கி ஒன்றும், பின்னணியில் கருவாலி இலை வளையமும் இதில் அமைந்துள்ளன.

தகுதி விதிகள்

போர்முனையில் இருந்தால் மட்டும் இதைப் பெற முடியாது. காலாட்படையினராகவோ சிறப்புப் படையினராகவோ இருக்க வேண்டும். தரம் கர்னலுக்கு மேற்படக் கூடாது. அணி போரிட்டபோது உடனிருந்து பங்கேற்றிருக்க வேண்டும். 1944 முதல் இதைப் பெற்ற சிப்பாய்களுக்கு மாதம் 10 டாலர் கூடுதல் ஊதியம் கிடைத்தது. 1947 முதல், உலகப் போரில் இதைப் பெற்றிருந்தோர் வெண்கல விண்மீன் பதக்கத்துக்கும் தகுதி பெற்றனர்.

விடுபட்டோர்

அதே களத்தில் காயமுற்றோரைத் தூக்கிய மருத்துவப் பிரிவினருக்கு 1945இல் தனிச் சின்னம் வந்தது. பீரங்கி, கவசப்படை வீரர்கள் 2005 வரை காத்திருந்தனர். ஈராக்கில் போர்முனை, பின்களம் என்ற வேறுபாடு மறைந்து, சரக்குந்து ஓட்டுநர்களும் தாக்கப்பட்டதால், அவ்வாண்டு அனைத்துப் பிரிவினருக்குமான போர்ச்செயல் சின்னம் நிறுவப்பட்டது. ஆயினும் அது 2001 செப்டம்பர் 18 முதலான சண்டைகளுக்கே பொருந்தும். கொரியாவிலும் வியட்நாமிலும் போரிட்ட பீரங்கி வீரர்களுக்கு அது கிடைக்கவில்லை.