செயலும் மெய்ம்மையும்: ஆங்கிலச் சொற்பொருள் வரலாற்றில் ஒரு கூறு

ஆங்கிலத்து ‘ஃபேக்ட்’ என்னும் சொல்லை நம் நூலாசிரியர் பலரும் ‘உண்மை’ என்றே பெயர்த்து வருகின்றனர். அப்பெயர்ப்புப் பொருந்துமோ என்னும் ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். அச்சொல் பிறந்தவிடத்து உண்மையைக் குறித்ததன்று, செய்யப்பட்டதைக் குறித்தது. இலத்தீனில் ‘ஃபாக்கெரே’ என்பது ‘செய்’ என்னும் வினை. அதனடியாக வந்த ‘ஃபாக்டும்’ என்பது ‘செய்யப்பட்டது’ எனப் பொருள்படும். நம் இலக்கணிகள் வழக்கிற் கூறுவதாயின், செயப்பாட்டுப் பொருளில் அமைந்த வினையாலணையும் பெயர் என்னலாம்.

பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்தபோதும் அது செயலையே உணர்த்திற்று. சிறப்பாகக் கொடுஞ்செயலை உணர்த்திற்று. குற்றவாளி தன் ‘ஃபேக்ட்’டை ஒப்புக்கொண்டான் என்பது அக்கால வழக்கு. குற்றம் நிகழ்ந்தபின் குற்றவாளிக்குத் துணைநின்றவனைச் சுட்டும் ஆங்கிலச் சட்டத்தொடரில் இப்பழம்பொருள் இன்றளவும் உறைந்து கிடக்கின்றது. இதே இலத்தீன் சொல் பழம் பிரெஞ்சின் வழியாக முன்னரே வந்து ‘ஃபீட்’ என வழங்கி அருஞ்செயலைக் குறித்தது. ஒரு வயிற்றிற் பிறந்த இரண்டனுள் ஒன்று வீரனுக்கும் மற்றொன்று கள்வனுக்கும் உரியவாயின!

செயல் எவ்வாறு மெய்ம்மையாயிற்று? விடை நீதிமன்றத்தில் உள்ளது. ஆங்கில நீதிமுறையில் சட்டம் இன்னதென உரைப்பவர் நடுவர். குற்றஞ்சாட்டப்பட்டவன் அதனைச் செய்தானா என்று துணிபவர் சான்றாயர். அவர்முன் வந்த ‘ஃபேக்ட்’ முதலில் ஐயத்திற்குரியது. சாட்சிகளின் வாய்மொழியால் நிறுவப்படவேண்டியது. நிறுவப்பட்டபின்னரே அஃது ஐயமற்றதாகும். பதினேழாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியரும் இயற்கை நூலாரும் இம்மன்ற வழக்கைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதனைப் பார்பரா ஷப்பிரோ என்னும் ஆராய்ச்சியாளர் 2000-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். இலண்டன் அரச கழகம் தோன்றிய 1660-ஆம் ஆண்டிலேயே இராபர்ட் பாயில் தம் காற்றியல் ஆய்வுகளை வெளியிட்டார். ஆய்வினை நேரிற் கண்ட சான்றோரைச் சுட்டிக் காட்டுவதைத் தம் கூற்றுக்கு அரணாகக் கொண்டவர் அவர். கண்ணாடிக் கலத்தினுள் காற்றுக் குறைதல் மானிடன் ஒருவன் இழைத்த குற்றமன்று. ஆயினும் அங்கு நிகழ்ந்ததும் கண்டார் வாய்மொழியால் நிலைபெறவேண்டியதாதலின் ‘ஃபேக்ட்’ எனப்பட்டது. செய்தவன் சொல்லினின்று நீங்கினான். சாட்சி மட்டும் எஞ்சினான். இதுவே இச்சொல் வரலாற்றின் திருப்பம் என்பது எம் கருத்து.

பழம்பொருள் உடனே மறைந்துவிடவில்லை. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், செய்யப்பட்ட பொருள் என்பதனையே முதற்கண் வைத்து, மெய்ம்மை என்பதனை அதன்பின் வைத்தார்.

‘ஆக்சுவல்’ என்னும் சொல்லும் இவ்வழியே வந்தது. அதன் மூலமாகிய ‘அகெரே’ ஆனிரையை ஓட்டுதல் என்னும் பொருளிலிருந்து செலுத்துதல், இயற்றுதல் எனப் பரந்த இலத்தீன் வினை. ஏஜென்ட், ஆக்ட், அஜெண்டா என நம் அலுவலகங்களிலும் புழங்கும் சொற்கள் யாவும் அதன் வழியினவே. அரிஸ்டாட்டில் ‘எர்கோன்’, அஃதாவது வேலை, என்னும் சொல்லடியாக ‘எனர்கெயா’ என்றொரு சொல்லை ஆக்கி, ஆற்றலளவில் ஒடுங்கிக் கிடவாது செயற்பட்டு நிற்கும் நிலையைக் குறித்தார். இலத்தீன் அறிஞர் அதனை ‘ஆக்டுஸ்’ எனப் பெயர்த்தனர். செயற்பட்டு நிற்பதே உள்ளது என்னும் கோட்பாடு ‘ஆக்சுவல்’ என்பதற்கு மெய்யாக உள்ளது என்னும் பொருளைத் தந்தது. முன்னோ அது செயலைச் சார்ந்தது என்றே பொருள்பட்டது. கிறித்தவ சமய வழக்கில் பிறவியோடு வந்த பாவத்தினின்று வேறாக, ஒருவன் தானே செய்த பாவம் இவ்வடையினாற் சுட்டப்பெறும். தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேச நூல்கள் இவ்விரண்டனையும் சென்ம பாவம், கர்ம பாவம் என வழங்கின. ‘ஆக்சுவல்’ என்பதை ‘உண்மையான’ என்று பெயர்த்திருப்பின் உண்டாகும் கேட்டை எண்ணுக! அம்மொழிபெயர்ப்பாளர் சொல்லின் செயற்பொருளை நன்குணர்ந்தவர்.

இனி, வேர்ப்பொருளே பொருள் எனத் துணிதலும் ஆகாது. 1786-இல் ஜான் ஹார்ன் டூக் தம் நூலின் முதற்பகுதியை வெளியிட்டுச் சொற்களையெல்லாம் வேருக்கு இழுத்துச் சென்றார். ஆங்கிலத்தில் வாய்மையைக் குறிக்கும் சொல் ‘நம்புதல்’ என்னும் வினையடியாகப் பிறந்ததாகலின், ஒருவன் நம்புவதே அவனுக்கு வாய்மை என்பது அவர் முடிபு. இது சொல்லின் பிறப்பைக் கொண்டு பொருளின் இயல்பை அளந்த பிழை. ‘ஃபேக்ட்’ செயலிற் பிறந்தது என்பதனால், இன்று அதனைச் செயல் என்று பெயர்த்தல் வேண்டும் என யாம் கூறவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் புலன்களால் அறியத்தக்க பொருளையும் நிலையையும், ஒருவன் தன்னுள் உணரும் மனநிலையையுமே ‘ஃபேக்ட்’ என வரையறுத்தது. செய்தல் என்னும் கருத்து அவ்வரையறையில் இன்றியமையாததன்று. அதற்கு மாற்றாக 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள சட்டமும் அவ்வரையறையைப் போற்றிக்கொண்டது.

யாம் கூறுவது வேறு. வேர்ப்பொருள் மறைந்தாலும் அதன் வழிவந்த பயன் மறைவதில்லை. நிறுவப்படவேண்டியது என்னும் கருத்து ‘ஃபேக்ட்’டினுள் இன்றும் உள்ளது. அதனாலன்றோ டார்வின் 1871-இல் வெளியிட்ட மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், பொய்யான ‘ஃபேக்ட்’டுகள் அறிவியல் வளர்ச்சிக்குப் பெருந்தீங்கு பயக்கும் என எழுத இயன்றது! அதனைப் ‘பொய்யான உண்மைகள்’ எனப் பெயர்ப்பின் முரண் வெளிப்படை. ‘உண்மை’ என்று எழுதியவுடன் ஆராய்ச்சி முற்றுப்பெற்றதாகி, யார் கண்டார், எதனால் அறிந்தார் என்னும் வினாவிற்கு இடமின்றிப் போகின்றது. நம் இலக்கிய வரலாறுகளில் புலவர் காலம் பற்றிய கருதுகோள்கள் ‘உண்மைகள்’ என நிரல்படுவதற்கு இம்மொழிபெயர்ப்பும் ஒரு காரணம் என்பது எம் துணிபு.

தமிழில் ஒத்த சொல் இல்லாமற் போகவில்லை. ‘செய்தி’ என்பது ‘செய்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. புறநானூற்று முப்பத்துநான்காம் பாட்டில் ஆலத்தூர் கிழார் அதனைப் பிறர் செய்த நன்மை என்னும் பொருளில் ஆண்டுள்ளார். பின்னர் அச்சொல் நிகழ்ந்ததனையும், நிகழ்ந்ததாகக் கேட்டதனையும் குறிக்கலாயிற்று. செய்தி பொய்யாகலாம், உறுதிப்படவும் கூடும். நாளிதழ் வழக்கு அதன் பரப்பைச் சிறிது சுருக்கிவிட்டது எனினும், ‘ஃபேக்ட்’ வந்த வழியிலேயே வந்த சொல் அது. டார்வின் தொடரைப் ‘பொய்ச்செய்திகள்’ எனப் பெயர்த்துப் பார்ப்பார்க்கு இது விளங்கும்.