பக்கத்து கேபினில் விடிய விடிய சத்தமா? கப்பல் பயணத்தில் தூக்கத்தைக் காப்பாற்றுவது எப்படி?

மும்பையிலிருந்து கிளம்பும் இரண்டு ராத்திரி கப்பல் பயணம். மூன்று மாதம் முன்பே புக் பண்ணி, மேனேஜரிடம் கெஞ்சி வெள்ளிக்கிழமை லீவு வாங்கி, கப்பல் ஏறிவிட்டீர்கள். சாப்பாடு, ஷோ எல்லாம் முடிந்து பன்னிரண்டரை மணிக்குப் படுக்கிறீர்கள். அப்போதுதான் பக்கத்து கேபினில் ஸ்பீக்கர் ஆன் ஆகிறது. சிரிப்பு, கைதட்டல், கதவை அறையும் சத்தம். மணி மூன்று ஆகியும் நிற்கவில்லை.

ஹோட்டலாக இருந்தால் 'வேற இடம் பாத்துக்கலாம்' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். நடுக்கடலில் எங்கே போவது? இரண்டு ராத்திரிப் பயணத்தில் ஒரு ராத்திரி போனால் பாதிப் பயணம் போன மாதிரி.

2021-ல் கார்டிலியா நிறுவனம் மும்பையிலிருந்து கப்பல் பயணங்களைத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் அதன் கப்பல் கிளம்பியது. சிங்கப்பூர் வரை விமானத்தில் போய் அங்கிருந்து கப்பல் ஏறுபவர்களும் நிறைய. முதல்முறை போகும் பலர் உணவு, பால்கனி, வைஃபை எல்லாம் விசாரிப்பார்கள். பக்கத்து அறைச் சுவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் தூக்கத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் சுவர்தான்.

பக்கத்து அறைச் சத்தம் ஏன் இவ்வளவு கேட்கிறது?

கப்பலில் செங்கல் சுவர் கிடையாது. எடை குறைவாக இருக்க வேண்டும், தீப்பிடிக்கவும் கூடாது. அதனால் மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு நடுவே கனிமப் பஞ்சு அடைத்த பலகைகளால் அறைகளைப் பிரிக்கிறார்கள். நவீனக் கப்பல்களில் பல கேபின்கள் தொழிற்சாலையிலேயே பெட்டி மாதிரி தயாராகி, அப்படியே கப்பலுக்குள் செருகப்படுகின்றன.

ஒரு சுவர் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கிறது என்பதை டெசிபலில் அளக்கலாம். இரண்டு பக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். கப்பல் பணியாளர்களின் கேபின்களுக்கு இடையிலான சுவருக்கு ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 35 மட்டுமே.

15 டெசிபல்தானே வித்தியாசம் என்று தோன்றலாம். 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கானது போல இருக்கும். பக்கத்து அறையில் 85 டெசிபலில் பாட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவர் வழியாக அது சுமார் 35 ஆகக் குறையும். கப்பல் சுவர் வழியாக வரும்போது 50-ல் நிற்கும். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ம் ஆண்டுப் பரிந்துரை.

இதிலும் 'டும் டும்' என்ற பேஸ் ஒலியைத் தடுப்பதுதான் கஷ்டம். பாட்டு வரி கேட்காது, தாளம் மட்டும் தலையணைக்குள் வந்து அடிக்கும்.

கனெக்டிங் கேபின் என்றால் என்ன? அதில் என்ன சிக்கல்?

பக்கத்துப் பக்கத்து அறை வேறு, கனெக்டிங் கேபின் வேறு. கனெக்டிங் என்றால் இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும். அப்பா அம்மா ஒரு அறை, பிள்ளைகள் ஒரு அறை என்று எடுக்கும் குடும்பங்களுக்கு அது வசதி. இரண்டு அறையிலும் தெரியாதவர்கள் தங்கினால் அந்தக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

பூட்டினாலும் கதவு கதவுதான். மேலே சொன்ன அதே சர்வதேச விதியில், நடுவில் கதவு உள்ள அறைகளுக்கு 35-க்குப் பதில் 30 டெசிபல் தடுத்தாலே போதும் என்று இருக்கிறது. கதவு இருந்தால் சத்தம் கூடுதலாக வரும் என்பதை விதியே ஒத்துக்கொள்கிறது. பக்கத்து அறைக்காரர் போனில் பேசுவதுகூட அந்தக் கதவு இடுக்கு வழியாகப் புரியும் அளவுக்குக் கேட்கலாம்.

நீங்கள் கேட்காமலேயே உங்களுக்குக் கனெக்டிங் கேபின் ஒதுக்கப்படலாம். அறைக்குள் நுழைந்த பிறகுதான் 'இது என்ன ரெண்டாவது கதவு?' என்று பலருக்கும் தெரிகிறது.

சத்தத்துக்குச் சட்ட வரம்பு இல்லையா?

கப்பல்களுக்கான சர்வதேச ஒலி விதித்தொகுப்பு 2014 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. 10,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பலில் கேபினுக்குள் சத்தம் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது அது. ஆனால் அந்த விதி பணியாளர்களைப் பாதுகாக்க வந்தது. பயணிகளின் கேபின்களுக்கு அது பொருந்தாது.

பயணிகளுக்கு என்று தனியாக, டிஎன்வி, லாயிட்ஸ் ரெஜிஸ்டர் போன்ற கப்பல் தரச்சான்று அமைப்புகள் சொகுசுத் தரம் வழங்குகின்றன. அதை வாங்குவது கப்பல் நிறுவனத்தின் விருப்பம்.

நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அவை தொழில், வணிகம், குடியிருப்பு, அமைதி மண்டலம் என்று நிலப்பகுதிகளைப் பிரித்து எழுதப்பட்டவை. நடுக்கடலில் 100-க்கு போன் போட்டு போலீஸை வரவழைக்க முடியாது.

கப்பலுக்குள் கேப்டனின் அதிகாரமும் நிறுவனத்தின் நடத்தை விதிகளும்தான் செல்லும். டிக்கெட் எடுக்கும்போது 'ஐ அக்ரீ' என்று டிக் அடித்தோமே, அந்த ஒப்பந்தத்தில் மற்ற பயணிகளுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். எல்லை மீறினால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடும் அதிகாரமும் அதில் இருக்கும். உங்களுக்காக ஊழியர்கள் பக்கத்து அறைக் கதவைத் தட்டுவது அந்த நிபந்தனையின் பலத்தில்தான்.

புக் பண்ணும்போது என்ன பார்க்க வேண்டும்?

பாதிப் பிரச்னையை இங்கேயே தவிர்த்துவிடலாம். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் டெக் பிளான் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு கேபினைத் தேர்ந்தெடுங்கள்.

- மேலேயும் கீழேயும் கேபின்: மேல் தளம், கீழ்த் தளம் இரண்டிலும் கேபின்களே இருக்கும் தளம்தான் நல்லது.
- நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே வேண்டாம்: காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்தான் உங்கள் அலாரமாக இருக்கும்.
- தியேட்டர், பார், டான்ஸ் ஃப்ளோருக்கு நேர் மேலேயும் வேண்டாம்: அங்கே ஆட்டம் முடியும்வரை உங்களுக்கும் தூக்கம் இல்லை.
- கீழ்த் தளத்தின் இரு முனைகள்: முன்பக்கம் நங்கூரச் சங்கிலியின் சத்தம், பின்பக்கம் எந்திர அதிர்வு.
- லிஃப்ட், படிக்கட்டு அருகில்: ராத்திரி ஷோ முடிந்து வரும் கூட்டம் அங்கே நின்றுதான் கதை பேசும். நாலைந்து அறை தள்ளி எடுங்கள்.
- கனெக்டிங் குறியீடு: இரண்டு அறைகளுக்கு நடுவில் அம்பு, முக்கோணம் மாதிரி ஒரு குறி இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் குறியீட்டு விளக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

'கியாரண்டி கேபின்' என்று குறைந்த விலையில் வருவதில் எந்த அறை என்பதை நிறுவனமே முடிவு செய்யும். விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். படுத்தவுடன் தூங்கிவிடுகிறவர்களுக்கு அது லாபம். குண்டூசி விழுந்தாலும் விழிப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து அறை எண்ணைத் தேர்வு செய்வது மேல்.

ஏஜென்ட் மூலம் புக் பண்ணினால் 'கனெக்டிங் கேபின் வேண்டாம்' என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள். போனில் சொன்னது பின்னால் சாட்சிக்கு வராது.

ராத்திரி சத்தம் ஆரம்பித்தால் முதலில் என்ன செய்வது?

பத்து நிமிடம் பொறுங்கள். ஷோ முடிந்து வந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசிவிட்டு அடங்கிவிடலாம்.

நீங்களே போய்த் தட்டாதீர்கள். பகலில் வராந்தாவில் பார்க்கும்போது 'ராத்திரி கொஞ்சம் சத்தமா கேட்டுச்சுங்க, சுவர் ரொம்ப மெல்லிசா இருக்கு' என்று சிரித்துக்கொண்டே சொல்வது வேறு. பல பேருக்குத் தங்கள் சத்தம் வெளியே கேட்பதே தெரியாது, சொன்னால் குறைத்துக்கொள்வார்கள். நள்ளிரவில், குடித்திருக்கும் கூட்டத்தின் கதவைத் தட்டுவது அப்படியில்லை. தகராறாகிவிட்டால் புகார் உங்கள் மேலும் பதிவாகும். சுவரைக் குத்துவதும் அதே ரகம்தான்.

கெஸ்ட் சர்வீசஸுக்கு போன் போடுங்கள். பெரிய கப்பல்களில் இந்தச் சேவை இரவு முழுவதும் இருக்கும். எண் அறை போனிலேயே எழுதியிருக்கும். நான்கு விஷயம் சொன்னால் போதும்: உங்கள் அறை எண், சத்தம் வரும் அறை எண், என்ன சத்தம், எவ்வளவு நேரமாக. 'ரொம்ப டிஸ்டர்பன்ஸா இருக்கு' என்று மட்டும் சொன்னால் எந்தக் கதவைத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியாது.

அரை மணி நேரத்தில் அடங்கவில்லையா? மறுபடி கூப்பிடுங்கள். இந்த முறை செக்யூரிட்டியை அனுப்பச் சொல்லுங்கள். 'திரும்பத் திரும்ப கூப்பிட்டா என்ன நினைப்பாங்க' என்ற கூச்சம் வேண்டாம். ஒவ்வொரு அழைப்பும் ஒரு பதிவு.

நேரத்தைக் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், யார் பேசினார், என்ன பதில் வந்தது என்று போன் நோட்ஸில் நான்கு வரி போதும். சத்தத்தை உங்கள் அறைக்குள் இருந்தபடி அரை நிமிடம் ரெக்கார்ட் பண்ணலாம். பக்கத்து அறைக்காரர்களையோ அவர்கள் குழந்தைகளையோ வீடியோ எடுக்காதீர்கள்.

அறை மாற்றித் தருவார்களா?

காலி அறை இருந்தால் வாய்ப்பு உண்டு. வார இறுதிப் பயணங்களில் கப்பல் நிரம்பியிருக்கும் என்பதால் நிச்சயம் இல்லை. அதனால் முதல் ராத்திரி முடிந்த காலையிலேயே நேரில் போய்க் கேளுங்கள். இறங்கும் நாளில் சொன்னால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும்.

குறிப்பாகக் கேட்பதுதான் பலன் தரும். 'இதே வகையில் வேறு அறை, முடியாவிட்டால் இன்று ராத்திரி அந்தத் தளத்தில் செக்யூரிட்டி ரவுண்டு, அதுவும் இல்லாவிட்டால் ஆன்போர்டு கிரெடிட்' என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஆன்போர்டு கிரெடிட் என்பது கப்பலுக்குள் செலவழிக்கத் தரும் தொகை. அதைத் தருவது நிறுவனத்தின் விருப்பம்.

நடுக்கதவிலிருந்து சத்தம் வந்தால், கதவின் கீழ் இடுக்கில் சுருட்டிய துண்டை வைத்துப் பாருங்கள், ஓரளவு குறையும். ஃபோம் இயர்பிளக் பையில் கட்டாயம் இருக்கட்டும். மழைச் சத்தம், மின்விசிறிச் சத்தம் போன்ற ஆடியோவை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், கடலில் இன்டர்நெட் விலை அதிகம்.

ஒரு எச்சரிக்கை. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்றால் கப்பலில் அவசரநிலை. கேபினில் படுத்திருப்பவருக்கு அது குறைந்தது 75 டெசிபலில் கேட்க வேண்டும் என்பது விதி. ஆனால் நல்ல இயர்பிளக் அதிலும் 20, 30 டெசிபலைக் குறைத்துவிடும். இரண்டு பேர் தங்கினால் ஒருவராவது காதை அடைக்காமல் படுப்பது நல்லது.

ஊருக்குத் திரும்பிய பிறகு புகார் செய்யலாமா?

செய்யலாம். முதலில் நிறுவனத்துக்கும், ஏஜென்ட் இருந்தால் அவருக்கும் மெயில் அனுப்புங்கள். நேரக் குறிப்புகளையும் கப்பலில் கொடுத்த புகாரின் விவரத்தையும் சேருங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம்.

அதற்கும் மேலே போக, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் மத்தியஸ்தம்தான்' என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது என்பதை எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆனால் பக்கத்து அறைக்காரர் சத்தம் போட்டார் என்பது மட்டும் நிறுவனத்தின் சேவைக் குறைபாடு ஆகிவிடாது. நீங்கள் சொல்லியும் அவர்கள் எதுவும் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். கப்பலிலேயே புகார் செய்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். வெளிநாட்டு நிறுவனம் என்றால், வழக்கு எந்த ஊரில் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருக்கலாம். இங்கே டிக்கெட் விற்ற ஏஜென்ட் யார் என்பது அப்போது முக்கியமாகிறது.

அது கொண்டாட்டச் சத்தம் இல்லை என்றால்?

மெல்லிய சுவர் வழியாகச் சில நேரம் வேறு சத்தமும் வரும். அடிக்கும் சத்தம், 'விடு' என்ற அலறல், நிற்காத அழுகை. 'புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு' என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டாம். உடனே கப்பலின் அவசர எண்ணுக்கு போன் செய்து, யாரோ ஆபத்தில் இருப்பது போலத் தெரிகிறது என்று அறை எண்ணோடு சொல்லுங்கள். நீங்கள் நினைத்தது தவறாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சரியாக இருந்தால், கடலில் அந்த அறைக்குள் இருப்பவருக்கும் வெளியே போக இடமில்லை.

நம்ம அறையிலிருந்து எவ்வளவு கேட்கும்?

நாலு அறை எடுத்துக் கூட்டமாகப் போகும்போது, பக்கத்து அறைக்காரருக்கு அந்தச் சத்தக்காரர்கள் நாம்தான். சீட்டுக் கச்சேரியை லவுஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ காலை ஸ்பீக்கரில் போடாதீர்கள். கேபின் கதவு தானாக மூடும் கனமான கதவு, கையை எடுத்தால் அறைந்துதான் மூடும், பிடித்து மூடுங்கள். பால்கனியில் நடுத்தடுப்பு மறைப்புக்குத்தான், பேச்சு அப்படியே அந்தப் பக்கம் போகும். பக்கத்து அறையிலும் யாரோ மேனேஜரிடம் கெஞ்சித்தான் லீவு வாங்கி வந்திருப்பார்கள்.