விடுவித்தபின் தொடும் பிழை (சேமிப்பக இயக்கிகள்)

திருப்பி ஒப்படைத்த நினைவகத்தை நிரலின் வேறொரு பகுதி இன்னும் தன்னுடையதாக எண்ணிப் படிப்பது, அல்லது அதில் எழுதுவது. சேமிப்பக இயக்கிகளில் இது பெரும்பாலும் பந்தய நிலையின், அதாவது இரு செயற்பாதைகள் ஒரே பொருளை ஒரே நேரத்தில் கையாள்வதன், விளைவு.

லினக்ஸின் என்விஎம்இ (NVMe) சேமிப்பக இயக்கி நல்ல எடுத்துக்காட்டு. கட்டளைக்குரிய காத்திருப்பு நேரம் (இயல்பாக 30 வினாடி) தீர்ந்ததும் இயக்கி அதை ரத்துசெய்ய முனைகிறது. அதே கணத்தில் சாதனத்திலிருந்து ‘முடிந்தது’ என்ற பதிலும் வரலாம். இரு பாதைகளும் ஒரே கோரிக்கையை முடித்துவைத்தால் நினைவகம் இருமுறை விடுவிக்கப்படும். இதைவிடப் பொல்லாதது பிந்தி வரும் பதில். கட்டளை எண் அதற்குள் வேறொரு கோரிக்கைக்குப் போயிருக்கும்; படிக்காத தரவு படித்ததாகக் கணக்காகிவிடும். கணினி நிலைகுலைந்தாலாவது தெரியும், இது தெரியாது.

2021இல் வந்த திருத்தம் 16 பிட் கட்டளை எண்ணில் 4 பிட்டை, ஒவ்வொரு மறுபயன்பாட்டிலும் ஏறும் தலைமுறை எண்ணாக்கியது. தலைமுறை பொருந்தாத பதிலை இயக்கி ஒதுக்கிவிடும். 16 சுற்றில் எண் திரும்பிவிடுவதால் இது முழுக் காப்பு அல்ல.

சாதனத்தை ஓட்டத்திலேயே பிடுங்கும்போது எழும் இதே வகைப் பிழைகளுக்குச் சுட்டுக் கணக்கு (ஒரு பொருளை இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) மருந்து. விடுவித்தபின் தொடும் பிழைகளைக் கண்டுபிடிக்க, 2015இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த கேஏசான் (KASAN) என்னும் கருவி உதவுகிறது; பந்தய நிலைகளைக் கண்டுபிடிக்க 2020இல் சேர்ந்த கேசிசான் (KCSAN).