லிவர்பூல் மாநகராட்சித் தேர்தல்கள்

இங்கிலாந்தின் வடமேற்கில், மெர்சி ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த துறைமுக நகரான லிவர்பூலின் மாநகர மன்றத்துக்கு நடைபெறும் தேர்தல்கள். நாட்டளவில் தொழிற்கட்சியும் கன்சர்வேடிவ் கட்சியும் மோதிய காலத்தில், இந்நகரில் 1970-களிலிருந்து தொழிற்கட்சிக்கும் லிபரல்களுக்கும் இடையேதான் முக்கியப் போட்டி நிலவியது. 1998-க்குப் பின் நடந்த தேர்தல்களில் கன்சர்வேடிவ் உறுப்பினர் எவரும் தேர்வாகவில்லை.

தொடக்க காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர்களுக்கும் உள்ளூர்ப் புராட்டஸ்டன்டுகளுக்கும் இருந்த பகை வாக்குச்சீட்டிலும் வெளிப்பட்டது. புராட்டஸ்டன்டுத் தொழிலாளர்கள் பெருமளவில் கன்சர்வேடிவ்களை ஆதரித்தனர். தொழிற்கட்சி முதன்முறையாக மன்றத்தைக் கைப்பற்றியது 1955-இல்தான்.

லிபரல்களின் எழுச்சி

சிரில் கார், டிரெவர் ஜோன்ஸ் ஆகியோர் தலைமையில் லிபரல்கள் தெருப் பிரச்சினைகளைக் கையிலெடுத்தனர். உடைந்த நடைபாதை, எரியாத விளக்கு, அள்ளாத குப்பை ஆகியவற்றைப் பட்டியலிட்ட ‘ஃபோகஸ்’ துண்டறிக்கைகளை, தேர்தல் இல்லாத காலத்திலும் வீடுவீடாகக் கொடுத்தனர். 1973 தேர்தலில் லிபரல் கட்சி அதிக இடங்களைப் பெற்றது. ஆயினும் அடுத்த பத்தாண்டுகள் எக்கட்சிக்கும் நிலையான பெரும்பான்மை அமையவில்லை.

1983-உம் அதன் பின்விளைவும்

1983-இல் தொழிற்கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றது. ஜான் ஹாமில்டன் தலைவரானார். ஆனால் அக்கட்சிக்குள் இயங்கிய தீவிர இடதுசாரி ‘மிலிட்டன்ட்’ பிரிவைச் சேர்ந்த துணைத் தலைவர் டெரெக் ஹாட்டனின் கையே ஓங்கியிருந்தது. மார்கரெட் தாட்சர் அரசின் நிதிக் கட்டுப்பாடுகளை எதிர்த்து, 1985-இல் மன்றம் வரி விகிதத்தை நிர்ணயிக்காமல் தாமதித்தது. கருவூலம் வற்றவே, சுமார் 31,000 ஊழியர்களுக்கு டாக்சிகளில் பணிநீக்க அறிவிப்பு அனுப்பப்பட்டது. தாமதத்தால் நேர்ந்த இழப்பை 47 உறுப்பினர்களே ஈடுகட்ட வேண்டும் என்ற முடிவை, அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1987 மார்ச்சில் உறுதிசெய்தது. அவர்கள் பதவியும் இழந்தனர். இரண்டே மாதங்களில் வந்த தேர்தலில் புதுமுகங்களை நிறுத்திய தொழிற்கட்சி மீண்டும் வென்றது.

1998 முதல்

1998-இல் மன்றத்தைக் கைப்பற்றிய, லிபரல்களின் வழிவந்த லிபரல் டெமாக்ரட் கட்சி 2010 வரை ஆண்டது. அவ்வாண்டு அக்கட்சி நாடாளுமன்றத்தில் கன்சர்வேடிவ்களுடன் கூட்டணி ஆட்சி அமைத்ததை லிவர்பூல் வாக்காளர்கள் மன்னிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் மன்ற பலம் ஒற்றை இலக்கத்துக்குச் சரிந்தது.

தேர்தல் முறை

நீண்டகாலம் ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று உறுப்பினர்கள் இருந்தனர். நான்காண்டுச் சுழற்சியில் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஓர் இடமாகத் தேர்தல் நடந்தது. இதனால் மக்களின் சினம் ஒரே நாளில் மன்றத்தைப் புரட்டிப்போடுவது அரிதாயிற்று. மாநகராட்சியின் நிர்வாகக் குறைகளை ஆராய்ந்த மேக்ஸ் காலர் அறிக்கையைத் தொடர்ந்து, 2021-இல் நடுவண் அரசு ஆணையர்களை அனுப்பியதுடன் இம்முறையையும் மாற்றியது. 2023 மே 4 அன்று, 64 புதிய வார்டுகளின் 85 இடங்களுக்கும் ஒருசேரத் தேர்தல் நடந்தது. தொழிற்கட்சி 61, லிபரல் டெமாக்ரட் 15 இடங்களைப் பெற்றன. பசுமைக் கட்சி, லிபரல் டெமாக்ரட்டிலிருந்து வேறான லிபரல் கட்சி, உள்ளூர்ச் சுயேச்சைக் குழு ஆகியவற்றுக்குத் தலா 3 கிடைத்தன. 2012 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்துவந்த மேயர் பதவியும் அத்தேர்தலோடு முடிவுக்கு வந்தது. நிர்வாகம் மன்றத் தலைவரிடம் திரும்பியது.