ஏரி வாரியமும் நீர்க்கட்டியும்

தமிழரின் பழம்பெருமை பேசும் மேடைகளில் இரண்டு செய்திகள் தவறாமல் இடம்பெறும். ஒன்று, காவிரியில் நிற்கும் கல்லணை. மற்றொன்று, உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறை. இவ்விரண்டையும் கேட்டுக் கைதட்டி வீடு திரும்பும் நாம், அணைக்குக் கல் சுமந்த தோள் யாருடையது, ஓலையில் பெயர் எழுதப்பெறாதோர் யாவர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பயிருக்குரிய நீரை ஒரு சமூகம் எவ்வாறு பங்கிட்டுக்கொண்டது என்று ஆராய்வோமானால், அச்சமூகத்தின் மேன்மையும் கீழ்மையும் ஒருங்கே வெளிப்படும். அவ்வாராய்ச்சியில் சிறிது இறங்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மேன்மையைச் சொல்வோம். உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற இரு கல்வெட்டுகள் உள. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராகக் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பெற்ற 30 பேரில், 12 பேர் சம்வத்சர வாரியமாகவும், 12 பேர் தோட்ட வாரியமாகவும், 6 பேர் ஏரி வாரியமாகவும் ஓராண்டு பணி செய்தனர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் பின்னர்க் குடத்தில் இடப்படலாகா. ஏரியின் காவலையும் பழுதுபார்ப்பையும் ஒரு தனிக் குழுவிடம் ஒப்புவித்து, அக்குழுவைக் கணக்குக்குக் கட்டுப்படுத்திய அறிவு சாமானியமானதன்று. இதனைப் போற்றுதல் தகும்.

ஆயினும், அதே கல்வெட்டு வாரியத்திற்கு உரியவர் யாவர் என்பதையும் மறைக்காமற் சொல்லுகின்றது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தன் மனையில் தானே வீடு கட்டியிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி உடையவனாதல் வேண்டும். அவ்வூர் பிராமணருக்கு அளிக்கப்பெற்ற பிரமதேயம். ஆகவே அது நிலமுடைய பிராமண ஆடவரின் சபையேயன்றி ஊராரின் சபையன்று. உழுதவன், நாற்று நட்டவள், ஏரியில் வண்டல் வாரியவன் ஆகிய எவர் பெயரும் அக்குடத்தில் விழுந்ததில்லை. ஜனநாயகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது என்று முழங்குவோர், கல்வெட்டின் முதற் பகுதியைப் படித்துவிட்டு மறு பகுதியைப் படியாது விட்டவராவர்.

இனி ஏரியின் மடைக்குச் செல்வோம். வாரியங்கள் மறைந்தன, அரசர்களும் மறைந்தனர். ஆனால் ஏரிகள் நின்றன. தமிழ்நாட்டில் இன்றும் ஏறக்குறைய 39,000 ஏரிகள் கணக்கில் உள்ளன. அவற்றை நூற்றாண்டுகளாக நாள்தோறும் நடத்திவந்தவன் நீர்க்கட்டி என்னும் ஊழியன். சில ஊர்களில் அவனுக்கு நீர்ப்பாய்ச்சி என்றும், வேறு சில ஊர்களில் கம்புகட்டி என்றும் பெயர். மழைக்காலத்து நள்ளிரவில் கரையின்மேல் நடந்து, அரிப்புக் கண்ட இடத்தில் மண் அணைப்பவன் அவனே. ஏரியில் நிற்கும் நீர் எத்தனை நாளைக்குக் காணும் என்று கண்ணாலேயே அளந்து சொல்பவனும், மடையைத் திறந்து முறைப்படி வயலுக்கு வயல் நீர் விடுபவனும், பஞ்ச காலத்தில் எல்லார் பங்கையும் ஒத்த அளவிற் குறைப்பவனும் அவனே. அறுவடையில் களத்து மேட்டிற் கிடைக்கும் சிறிது நெல்லும் கதிர்க்கட்டும் அவனுக்குக் கூலி. இத்தனை பொறுப்பைச் சுமந்த அவன் பெரும்பாலும் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்தவன்.

இப்பணிக்கு நிலமற்ற அவனை ஏன் அமர்த்தினர்? அவனுக்கு அந்த ஆயக்கட்டில் நிலமில்லை. ஆகையால் ஒருவன் வயலுக்குச் சலுகை காட்டி மற்றொருவன் வயலைக் காயவிட அவனுக்குக் காரணமில்லை. மேற்பார்வைக்கு இஃது அறிவான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள்! ஒருவனுக்கு ஒன்றும் இல்லாதபடி செய்துவிட்டு, ஒன்றும் இல்லாமையால் அவன் நடுநிலை உடையவன் என்று புகழ்வது எவ்வகை நியாயம்? ஊரின் நேர்மை முழுவதையும் அவன் வறுமையின்மேல் நிறுத்திவிட்டு, அந்த நேர்மைக்குரிய மதிப்பை மட்டும் அவனுக்கு மறுத்தனர்.

கோலா கங்சாரைச் சுற்றியுள்ள தோட்டமொன்றில் நான் கிராணி வேலை பார்த்து வருகிறேன். அங்கே பால்மரம் வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர், தம் தந்தையாரைப் பற்றி ஒரு மாலை என்னிடம் கூறினார். தந்தையார் செங்கற்பட்டுப் பக்கத்து ஊரொன்றில் நீர்க்கட்டியாக இருந்தவராம். "மடைக்குள்ளே முங்கி அடைப்பை எடுத்து விடுறது எங்கப்பா. அந்தத் தண்ணி பாஞ்சு விளைஞ்ச நெல்லு கோயிலுக்கும் போகும். ஊர்க் கிணத்துல மட்டும் எங்கப்பா வாளி விடக்கூடாதுங்கய்யா," என்றார். அதன்பின் அவர் பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஏரி முழுவதும் அவர் கைபட்ட நீர். அந்தக் கை கிணற்றில் பட்டால் மட்டும் தீட்டு! இந்த முரண்பாட்டை எந்தச் சாஸ்திரி விளக்குவார்?

ஆங்கிலேயர் வந்தபின் இந்நிலை மாறிற்றா? ஊரார் கூடி ஏரியையும் கால்வாயையும் செப்பனிடும் பழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்தில் ஆட்களைப் பிடித்து வேலை வாங்கவும், வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் வழி செய்தது. உழைக்கும் கடமைக்குச் சட்டம் பிறந்தது. உழைத்தவன் நீரைப் பற்றிப் பேசும் உரிமைக்குச் சட்டம் பிறக்கவில்லை. பழைய ஊர் வழக்கத்தின் கொடுமையை விட்டுவைத்து, அதன் ஒற்றுமையை மட்டும் குலைத்ததே அக்கால சர்க்காரின் காரியம்.

அத்தகைய ஊர்களிலிருந்து கடல் கடந்தவர்களே நம் முன்னோரிற் பலர். அவர்கள் வந்து சேர்ந்த பேராக்கிலும் நீரின் கதை ஒன்று உண்டு. வடமேற்கிலுள்ள கிரியான் மாவட்டத்தில், குராவ் ஆற்றைத் தேக்கிப் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் அமைக்கப்பெற்று 1906-இல் நிறைவெய்தியது. மலாயாவின் முதற் பெரு நீர்ப்பாசனத் திட்டம் அதுவே. சுரங்கத்திற்கும் தோட்டத்திற்கும் வந்து குவிந்த கூலிகளின் சோற்றுக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த நாட்டில், நெல் விளைவிக்க அரசாங்கம் செய்த முயற்சி அஃது. அதே மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களில் முதுகு வளைந்தவர்கள் தமிழர்கள். ஏரி வாரியத்திற்குப் பதிலாக இங்கே இஞ்சினீயர் வந்தார். அளவுக்கோலும் நீர்வரியும் வந்தன. ஜாதி பார்த்து மடை திறக்கும் முறை இங்கே இல்லை. ஆனால் எப்பொழுது திறப்பது, எவ்வளவு விடுவது என்ற முடிவு உழவனை விட்டு உத்தியோகஸ்தரிடம் போயிற்று. 1930-இல் நம் ஊருக்கு மேலே பேராக் ஆற்றில் செண்டெரோ அணை எழுந்தபோது, ஆற்றின் வலிமை மின்சாரமாகி ஈயச் சுரங்கங்களுக்குச் சென்றது. அப்பொழுதும் கரையில் வாழ்ந்த குடிகளின் வாக்கைக் கேட்டு எவரும் அணை கட்டவில்லை.

வேறு வழியே உலகில் இல்லையா? ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரில், வியாழக்கிழமைதோறும் நண்பகலில், தேவாலய வாயிலில் நீர் நியாயசபை கூடுகிறது. கால்வாய்களைச் சேர்ந்த உழவர்களே தெரிந்தெடுத்த உழவர்கள் வாய்மொழியாக வழக்குக் கேட்டு அங்கேயே தீர்ப்புச் சொல்கின்றனர். பாலித் தீவின் சுபாக் சங்கங்களில், ஒரே கால்வாயில் நீர் கொள்வோர் கூடி நடவு நாளையும் நீர் முறையையும் வகுக்கின்றனர். இவையும் குறையற்றவை என்று சொல்லோம். ஆயினும் நீர் கொள்பவனே நீரை ஆளத் தகுதியுடையவன் என்பதற்கு இவை பிரத்தியட்ச சாட்சிகள்.

நம் நாட்டிலோ, நீரைத் தொடும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது. மகாத் நகரத்துச் சவுதார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிடுவதாக நகரசபை 1924-இல் தீர்மானித்தும், அது காகிதத்திலேயே நின்றது. 1927 மார்ச் 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அன்று அவர் நாட்ட விரும்பியது, குளம் பொது என்றால் அதைப் பற்றிய வாக்கும் பொதுவாதல் வேண்டும் என்பதேயாம்.

அவ்வுண்மை இன்றும் முழுமையாக ஏற்கப்படவில்லை. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் செய்யப்பெற்றது. 2017-இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஒரு திட்டமும் தொடங்கப்பெற்றது. நல்ல முயற்சிகளே. ஆனால் நீர்ச் சங்கத்தின் உறுப்பினர் யார்? நிலவுடைமையாளர்! கால் வேலி போயிற்று, பட்டா வந்தது, அவ்வளவே. இந்தியாவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, பெண்கள் நடத்தும் சாகுபடி நிலங்கள் நூற்றுக்கு ஏறக்குறைய பதினான்கே. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் பெண்கள். சங்கத்திலோ அவர்கள் அரிதாகவே காணப்படுவர்.

"நிலமில்லாதவனுக்கு நீரில் என்ன அக்கறை?" என்று சிலர் கேட்பர். மடை வறண்டு பயிர் கருகினால், நிலமுடையவனுக்கு நஷ்டம் கணக்கில் வரும். கூலிக்காரனுக்கோ அன்று மாலையே அடுப்பு எரியாது. ஏரியின் மீனும், கரையின் புல்லும், ஆடுமாடுகளின் தாகமும் நிலமற்றவன் வாழ்வோடு பிணைந்தவை. பிழைப்பு முழுவதும் நீரில் இருப்பவனைவிட நீரில் அக்கறையுள்ளவன் யார்?

ஆகவே தோழர்களே! ஏரியைத் தூர்வாரினால் மட்டும் போதாது. ஏரியின் சபையையும் தூர்வாருதல் வேண்டும். குத்தகைக்காரனும், கூலிக்காரனும், பெண்ணும், மடை திறப்பவனும் அதில் உட்கார்ந்து வாக்களிக்க வேண்டும். நீர்க்கட்டியின் ஊழியத்திற்குக் களத்து மேட்டுப் பிச்சையன்றிக் கணக்கில் எழுதிய சம்பளம் வேண்டும். நம்மவர் இனி உத்தரமேரூரைப் பற்றி மேடையேறிப் பேசுங்கால், அந்த 6 பேரைச் சொல்லியபின், அவர்களுக்காக ஏரியில் இறங்கி உழைத்தவர்களையும் சொல்வார்களாக. அவர்கள் பெயர்களை எந்தக் கல்லும் தாங்கி நிற்கவில்லை; அவர்கள் மக்களும் பேரமக்களும் நம்மிடையே இருக்கின்றனர்.