பவர் பேங்க்கில் ஒரு பெரிய கோயில்

போன மாதம் ஒரு கல்யாணத்துல தாம்பூலப் பையோட பவர் பேங்க் ஒண்ணு கொடுத்தாங்க. தேங்காய்க்குப் பதிலா இதெல்லாம் இப்போ சகஜம். மேல்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் பழைய கறுப்பு-வெள்ளைப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி, இத்தனை வோல்ட், தயாரித்த மாதம் என்று எல்லா விவரமும் இருக்கு. படம் எடுத்தவர் பேர் மட்டும் இல்லை.

எங்கேயோ பார்த்த படமாச்சே என்று தேடினேன். லினேயஸ் டிரைப் 1858-இல் எடுத்தது.

டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படை அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு போய்ப் படம் எடுத்தவர். அடுத்த வருஷம் மெட்ராஸ் மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சில மாதங்கள் சுற்றினார். ரயில் இந்த ஊர்களுக்கு வராத காலம். கேமரா, ரசாயனம், மெழுகு பூசிய காகித நெகட்டிவ், கண்ணாடித் தகடு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுத்தான் போகணும். ஒரு படத்துக்கு ரொம்ப நேரம் ஒளி காட்ட வேண்டும். அன்றைய நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக விழும் என்பதால், பல படங்களில் மேகத்தை அவரே தூரிகையால் நெகட்டிவ் மேல் வரைந்து சேர்த்திருக்கிறார்.

சும்மா அழகுக்காக அரசு இதற்குச் செலவு செய்யவில்லை. கட்டடம் இடிவதற்கு முன் அதன் நிலையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். மதுரையில் திருமலை நாயக்கர் மஹாலை அவர் படம் எடுத்தது, பிற்பாடு நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது நடந்த பெரிய பழுதுபார்ப்புக்கு முன்னால். அதனால் பழுதுபார்ப்புக்கு முன் மஹால் எப்படி இருந்தது என்பதற்கு இன்று அந்தப் படங்கள் சாட்சி.

தஞ்சாவூரில் அவர் செய்த வேலை இன்னும் பெரிசு. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தார். 21 படங்களை ஒட்டினால் 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படம்! இந்தக் கோயில் ராஜராஜன் கட்டியது என்பதே அப்போது ஆய்வாளர்களிடம் உறுதிப்படவில்லை. 1886-இல் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ஷ் படித்துச் சொன்ன பிறகுதான் அது நிலைபெற்றது. டிரைப் எடுத்தது அதற்கு 28 வருஷம் முன்னால்.

அந்தக் கல்லில் என்ன இருக்கு? நான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது, எல்லாவற்றையும் விமானத்திலேயே வெட்டுங்கள் என்று ராஜராஜன் இட்ட ஆணை. அதோடு விடவில்லை. திருச்சுற்று மதிலில் 400 தளிச்சேரிப் பெண்களின் பேர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கு. தலைக்கு ஒரு பங்கு, 100 கலம் நெல். நாவிதர், தையல்காரர், தச்சர், கணக்கர் பங்கும் தனித்தனியாக உண்டு.

ஒரு கோயிலுக்கு உழைத்தவர்கள் இன்னார் இன்னார் என்று ஆயிரம் வருஷத்துக்கு அழியாமல் எழுதி வைத்த சுவர் அது. அதே கோயிலைப் படம் பிடித்தவர் பேர் 160 வருஷத்துக்குள் படத்தை விட்டே உதிர்ந்துவிட்டது. கெமிக்கல் பெட்டி சுமந்தவர்கள் பேருக்குப் படத்தில் இடமே இருந்ததில்லை.

டிரைப்பின் வேலை நீடிக்கவும் இல்லை. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று செலவை நிறுத்திவிட்டார். 1860-க்குப் பிறகு அந்தப் பதவி இல்லை. அரசாங்கத்துக்கே கட்டுப்படியாகாத படம் இன்றைக்குத் தாம்பூலப் பையில் வருகிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். டிரைப் 1902-லேயே இறந்துவிட்டார், காப்புரிமை காலாவதி. யாரும் அச்சடிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பேரை விட்டுவிடலாமா? வோல்ட் எழுத இடம் இருந்த அட்டையில் ஒரு வரிக்கு இடம் இல்லாமலா போகும்? பேரும் வருஷமும் போனால், ஆவணமாக எடுத்த படம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

ஒரு துண்டு ஸ்டிக்கரில் "லினேயஸ் டிரைப், தஞ்சாவூர், 1858" என்று எழுதி ஒட்டி வைத்தேன். நேற்று ரயிலில் பக்கத்து சீட்டுத் தம்பி சார்ஜ் போடக் கேட்டு வாங்கினார். திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், யாரு இந்த டிரைப்?" என்றார்.

விழுப்புரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.